பாத்திரம் வழங்கப்படும்

பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தையும் ரப்பர் ஸ்டாம்பையும் உங்கள் ஏழு பேரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். உங்களில் மூன்று பேர் நம் பேட்டைப் பள்ளி மேடையில் மரமாகவும் மாடாகவும் நின்றவர்கள். இன்றைக்கு அந்தப் பள்ளியின் நாடக வகுப்பை நடத்தும் சங்கத்துக்கே நீங்கள்தான் நிர்வாகக் குழு. கிளம்பும்போது உங்களில் ஒருத்தி, "அங்கிள், நீங்க பட்டதெல்லாம் எழுதிக் குடுங்க, எங்களுக்கு யூஸ் ஆகும்" என்றாள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எழுதச் சொன்னால் சந்தோஷம் வந்துவிடும், பயமும் கூடவே வரும். ஏன் பயம் என்பது போகப் போகத் தெரியும்.

வருடக் கூட்டம் எப்படி நடத்துவது, எந்தப் படிவத்தை எந்த ஆபீசில் கொடுப்பது என்பதெல்லாம் பச்சை ஃபைலில் இருக்கிறது. அதை நான் மறுபடி எழுதப் போவதில்லை. ஃபைலில் இல்லாத ஒரு சனிக்கிழமையைப் பற்றி எழுதுகிறேன். சங்கம் பிறப்பதற்கு முன்னாலேயே இல்லாமல் போயிருக்க வேண்டிய நாள் அது. போகப் பார்த்ததும் என்னால்தான்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஸ்ரீராம்புரத்தில் வால்வ்மேனாக இருந்தேன். ஒன்பது கிராஸ்களுக்கு, அதாவது குறுக்குத் தெருக்களுக்கு, முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிட வேண்டும். வால்வைத் திருப்ப நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி. ஒரு கிராஸை மூடினால்தான் அடுத்த கிராஸுக்குத் தண்ணீர் போகும். அதனால் எனக்கு எல்லோரையும் தெரியும், எல்லோரும் என்னைத் திட்டியும் இருக்கிறார்கள். "தண்ணிக்காரரே" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன். என் சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று போய்விடுவேன்.

என் மகள் மஞ்சு ஏழாம் வகுப்பில் பள்ளிக்குப் போக மறுத்தாள். காலையில் வயிற்றுவலி, பத்து மணிக்கு மேல் சரியாகிவிடும். அடித்துப் பார்த்தேன், அது தப்பு. கெஞ்சிப் பார்த்தேன், அதுவும் பலிக்கவில்லை. அந்த வருடம்தான் சவிதா மிஸ் புதன்கிழமையும் சனிக்கிழமையும் பள்ளி ஹாலில் நாடகம் சொல்லிக்கொடுக்க வந்தார். கன்னடக்காரர். மேடையில் நடித்தவர். அவரிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு: பகலில் வகுப்பில் இல்லாத பிள்ளைக்கு மாலையில் நாடகம் கிடையாது. மஞ்சுவின் வயிற்றுவலி இரண்டு வாரத்தில் போனது. எனக்கு நாடகம் பற்றி ஒன்றும் தெரியாது. என் பெண் காலையில் தானே எழுந்து ஜடை போட்டுக்கொள்கிறாள், அது எனக்குப் போதுமாக இருந்தது.

சவிதா மிஸ்ஸுக்குச் சம்பளம் கொடுத்துவந்த ஒரு கம்பெனி மறு வருடம் நிறுத்திவிட்டது. அவர் இரண்டு மாதம் சும்மாவே வந்தார். அதற்குள் மாலை நேரத்துக்கு ஹாலை ஒரு டியூஷன் சென்டர் கேட்டது. நான்கைந்து பெற்றோர் சேர்ந்து ஹெச்.எம். மேடத்தைப் பார்க்கப் போனோம். மேடம் கண்டோன்மெண்ட் பக்கத்துத் தமிழர். வார்த்தையை அளந்து பேசுவார்.

"நாளைக்கு ஒரு பிள்ளை மேடையிலருந்து விழுந்து கையை உடைச்சிக்கிட்டா நான் யாரைக் கேக்கறது? தண்ணி விடறவரையா?"

"என்னையே கேளுங்க மேடம்."

"நான் கேட்பேன். ஸ்கூல் கமிட்டி கேக்காது. அவங்களுக்கு ஒரு அமைப்பு வேணும். பேரு, விதிமுறை, ஏழு பேர் கையெழுத்து, ஏழு பேருடைய ஆதார் ஜெராக்ஸ். பதிவு ஆகறதுக்கு டைம் எடுக்கும், தெரியும். ஆனா பதிவுக்குக் குடுக்கற காகிதம் முழுசா ரெடியா இருக்கணும். இருந்தா ஹால் உங்களுக்கு. இல்லன்னா டியூஷனுக்கு."

கமிட்டி கூடும் நாள் ஒரு திங்கட்கிழமை. அதற்கு மூன்று வாரம் இருந்தது.

ஏழு கையெழுத்து என்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரே வீட்டில் இரண்டு பேர் வேண்டாம் என்று டைப் அடித்துக் கொடுத்தவர் சொல்லிவிட்டார், அதனால் என் மனைவி ஆக மாட்டாள். எங்கள் பக்கம் குழுக் கடன் வாங்கி, பக்கத்து வீட்டுக்காரிக்காகக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் அதிகம். ஆதார் ஜெராக்ஸ் என்ற வார்த்தையைச் சொன்னாலே கதவு பாதி மூடும். "நாடகத்துக்கு எதுக்குப்பா ஆதாரு?" என்பார்கள். நான், என் நண்பன் ஆட்டோ அருள், இன்னும் நான்கு பெற்றோர். ஆறு பேர் ஆயிற்று. ஏழாவதாகச் சேர்ந்த ஒருவர் கடைசி வாரம் செவ்வாய்க்கிழமை, "என் மச்சான் வேணாங்கறான்" என்று விலகிக்கொண்டார்.

புதன்கிழமை சவிதா மிஸ் ஒரு யோசனை சொன்னார். சனிக்கிழமை புது நாடகத்துக்கு ஆள் பிரிக்கப் போகிறார், யாருக்கு எந்த வேஷம் என்று. அதற்குப் பெற்றோரை வரச் சொல்வோம். பிள்ளைகள் செய்வதைக் கண்ணால் பார்த்தால் ஒருவராவது முன்வருவார். நல்ல யோசனைதான். அவர் கன்னடத்தில் ஒரு நோட்டீஸ் எழுதினார். மேலே "பாத்ர ஹஞ்சிகெ" என்று போட்டிருந்தார். ஆள் பிரிப்பதற்குக் கன்னடத்தில் அதுதான் பெயர்.

"சார், இதை நீங்க தமிழ்ல எழுதிடறீங்களா? தாய்மார்களுக்குத் தமிழ்தான் சுலபம்" என்று கேட்டார், கன்னடத்தில்.

நான் எழுதினேன். வேஷம் என்று எழுதலாம். ஆனால் அது தெருவில் சொல்கிற வார்த்தை மாதிரி இருந்தது. ரோல் என்று எழுதினால் இங்கிலீஷ். நல்ல தமிழில் எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. என் தமிழ் எழுத்துக்கு அதற்கு முன் எந்த வேலையும் வந்ததில்லை. பாத்ர என்றால் பாத்திரம். ஹஞ்சிகெ என்றால் பகிர்ந்து கொடுப்பது. நான் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளி ஹாலில் பிள்ளைகளுக்குப் பாத்திரம் வழங்கப்படும். பெற்றோர் தவறாமல் வரவும். சிறிய பாத்திரம், பெரிய பாத்திரம் என்று வேறுபாடு பார்க்க வேண்டாம். எல்லாப் பாத்திரமும் முக்கியமே. வந்த எவரும் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள்."

கடைசி வரி என் சொந்தச் சரக்கு. கேட்க நன்றாக இருந்தது என்று சேர்த்தேன்.

மஞ்சுவிடம் காட்டினேன். அவளுக்குக் கன்னடமும் இங்கிலீஷும்தான் படிக்க வரும், தமிழ் பேச்சோடு சரி. "கையெழுத்து சூப்பர்ப்பா" என்றாள். என் மனைவி படித்தாள்.

"எத்தனை பாத்திரம்?" என்று கேட்டாள்.

"இருபத்திரெண்டு. சவிதா மிஸ் லிஸ்ட்டே போட்டுட்டாங்க."

"பத்துமா? ஜனம் நெறைய வருமே."

"பத்தலன்னா சின்னதா ரெண்டு மூணு சேத்துக்கலாம்னு மிஸ் சொன்னாங்க."

"பரவால்லியே" என்றாள். "நல்ல மனசு அவங்களுக்கு."

இப்படி ஒரு பேச்சு நடந்தும் இரண்டு பேருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. நோட்டீஸை நான்கு கிராஸ்களில் ஒட்டினேன். யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். அந்தச் சமயம் வார்டு எலெக்‌ஷன் வரும் வரும் என்று ஒரு பேச்சு வேறு. எலெக்‌ஷன் என்றால் எங்கள் பக்கம் குக்கர் வரும், குடம் வரும், ஹாட் பாக்ஸ் வரும். ஜனங்கள் மேல் தப்பே இல்லை.

சனிக்கிழமை காலை முறை முடித்து, சாவியைக் கழுவி வைத்துவிட்டு, பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளிக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே வரை வரிசை நின்றது. எனக்கு ஒரு நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது. நாடகத்துக்கு இவ்வளவு ஆசையா என்று. அப்புறம்தான் கைகளைப் பார்த்தேன். ஒயர் கூடை, கட்டைப் பை, ஒரு பாட்டியம்மாள் இடுப்பில் மடித்த அரிசிச் சாக்கு. எல்லோர் கையிலும் ரேஷன் கார்டும் ஆதார் ஜெராக்ஸும். எங்கேயாவது இலவசமாக ஏதாவது கொடுக்கிறார்கள் என்றால் எங்கள் ஜனம் ஜெராக்ஸோடுதான் போகும். கேட்கும் முன்பே எடுத்து நீட்டிவிடும்.

மஞ்சு ஓடி வந்தாள். "அப்பா, என்ன எழுதித் தொலைச்ச? எல்லாரும் எங்கிட்ட வந்து எவர்சில்வரா அலுமினியமான்னு கேக்கறாங்க!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கன்னடத்தில் நாடகத்துக்கு 'பாத்ர', சமையலுக்கு 'பாத்ரெ'. வேறு வேறு. தமிழில் இரண்டுக்கும் பாத்திரம்தான். எனக்குத் தெரியாத விஷயமா? தினமும் பாத்திரத்தோடு நிற்கிற ஜனங்களையே பார்த்துப் பிழைக்கிறவன் நான். அந்த வார்த்தையை எழுதும்போது மட்டும் மறந்துவிட்டேன்.

சவிதா மிஸ் மேடைமேல் நின்றுகொண்டு கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப்போயிருந்தார். "எஷ்டு ஜன பந்திதாரெ, சார்!" என்றார். எவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள் பாருங்கள் என்று. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். அப்புறம் கூட்டத்தை மறுபடி பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

ஹெச்.எம். மேடம் ஆபீஸ் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "அரை மணி நேரம். அதுக்குள்ள இந்தக் கூட்டம் அமைதியா வெளிய போகணும். எலெக்‌ஷனுக்கு ஸ்கூல்ல பாத்திரம் குடுக்கறாங்கன்னு ஒருத்தர் போட்டோ போட்டா போதும், எனக்கு நோட்டீஸ் வரும். அப்புறம் திங்கக்கிழமை நீங்க வரவே வேணாம்."

ஹாலுக்குள் ஓடினேன். அங்கே அருள் ஒரு டெஸ்க்கைப் போட்டு உட்கார்ந்து, வரிசையில் வந்தவர்களிடம் சுறுசுறுப்பாக ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொருவரும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். நம் சங்க உறுப்பினர் படிவம்.

"அருளு, என்னடா பண்ற?"

"ஒண்ணு கேட்டோம்ணா, முப்பத்தெட்டு கெடச்சிருக்கு!" அவன் முகமெல்லாம் பல். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சும்னே இரு. லிஸ்ட்ல பேர் வரணும்னா சைன் போடுங்கன்னேன். போட்டுட்டாங்க. பொய் ஒண்ணும் சொல்லல. லிஸ்ட்ல பேர் வரும்ல?"

"அவங்க குக்கர் லிஸ்ட்டுன்னு நெனச்சிட்டு இருக்காங்கடா."

"அவங்க எதுன்னு நெனச்சா நமக்கென்ன? நல்ல காரியத்துக்குத்தானே. ஸ்டாக் தீந்துபோச்சுன்னு சொல்லி அனுப்பிடலாம். திங்கக்கிழமை ஹெச்.எம். மூஞ்சில முப்பத்தெட்டையும் வீசலாம். யோசிச்சுப் பாரு, மஞ்சு ஸ்கூலுக்குப் போகணுமா வேணாமா?"

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் உங்களைக் கொஞ்சம் நிறுத்த ஆசைப்படுகிறேன். அருள் கெட்டவன் இல்லை. அவன் பையனும் நாடகத்தில் இருந்தான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாமல் இல்லை. என் கையை அந்தக் காகிதக் கட்டின் மேல் வைத்தேன். சூடாக இருந்தது, ஜெராக்ஸ் கடையிலிருந்து அப்போதுதான் வந்தது போல. ஒன்றே ஒன்று போதும், மீதியைக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை பெரிய குழாய் உடைந்தது. அன்று தண்ணீர் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஐந்தாவது கிராஸில் என்னைச் சுற்றிக்கொண்டு கேட்டபோது தப்பிப்பதற்காக, "பதினொண்ணு மணிக்கு வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் சாயங்காலம்தான் வந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி என்னைத் திட்டவில்லை. "வராதுன்னு சொல்லியிருந்தா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போய்ப் பிடிச்சிருப்பேனே" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் இரண்டு வருடம், நான் வால்வைத் திறந்துவிட்டு "வருது" என்று சொன்னால்கூட அந்தக் கிராஸில் யாரும் குடத்தை எடுக்க மாட்டார்கள். குழாயில் சத்தம் கேட்ட பிறகுதான் எடுப்பார்கள்.

எல்லோரும் இருக்கிற ஊரிலேயே நாமும் இருக்கப் போகிறோம். சங்கமும் இங்கேயேதான் இருக்கப் போகிறது. பொய்யில் வாங்கிய கையெழுத்தோடு தொடங்கினால், நாளை நாம் உண்மையிலேயே பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுக்கக் கூப்பிட்டாலும் குழாயில் சத்தம் கேட்கட்டும் என்றுதான் நிற்பார்கள். இவ்வளவு தெளிவாக அன்று யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கைக்குழந்தைக்காரி முகம்தான் வந்தது. கட்டை எடுத்துக்கொண்டு மேடை ஏறினேன்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நோட்டீஸ் எழுதினது நான்தான். தப்பா எழுதிட்டேன். பாத்திரம்னா சமைக்கிற பாத்திரம் இல்ல. நாடகத்துல வர்ற பாத்திரம். ராஜா, மந்திரி, திருடன், அந்த மாதிரி."

முன்வரிசையில் ஒரு குரல், "அப்ப குக்கரு?"

"குக்கர் இல்லம்மா."

"டிபன் பாக்ஸாவது?"

"எதுவும் இல்ல."

பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள், "திருடன் பாத்திரத்தை நீயே வெச்சுக்கய்யா!"

ஹாலே சிரித்தது. அது நல்ல சிரிப்பு இல்லை. அதில் பாதி கோபம். அப்போது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்து நின்றார். செல்வி அக்கா. உங்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். அன்றைக்கு எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது, எட்டாவது கிராஸில் சண்டைக்கு முதலில் வரும் குரல் என்பது மட்டும்தான். ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை.

"யோவ் தண்ணிக்காரரே. வந்த எவரும் வெறுங்கையோட திரும்ப மாட்டார்கள்னு எழுதினது யாரு?"

"நான்தாம்மா."

"நான் லீவு போட்டுட்டு வந்திருக்கேன். ஒரு நாள் லீவு போட்டா சூப்பர்வைசரு மூணு நாளைக்கு மூஞ்சத் தூக்கி வெச்சுக்குவான். ஜெராக்ஸு ரெண்டு பக்கம் எடுத்திருக்கேன். புள்ளையக் கூட்டிட்டு வந்திருக்கேன். இப்ப நாடகம்ங்கறே. இதைவிடப் பெரிய நாடகம் நீ இன்னும் வேற போடணுமா?"

"தப்புதாம்மா. மன்னிச்சிருங்க."

"மன்னிப்ப வெச்சி சாம்பார் வெக்கலாமா?"

காகிதக் கட்டைப் பிரித்து, "நீங்க சைன் போட்டது பாத்திர லிஸ்ட் இல்ல. சங்கத்துல மெம்பர் ஆகற ஃபாரம். உங்ககிட்ட சரியாச் சொல்லாம வாங்கிட்டோம். பேரு கூப்பிடறேன், வந்து வாங்கிக்குங்க" என்றேன். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். ஜெராக்ஸைக் கையில் கொடுத்து, கையெழுத்துப் போட்ட படிவத்தை அவர்கள் கண்முன்னால் கிழித்தேன். முப்பத்தெட்டு முறை. அதில் பாதிப் பேர் வாங்கும்போது ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுத்தான் வாங்கினார்கள். அரிசிச் சாக்கு வைத்திருந்த பாட்டியம்மாள் மட்டும், "போனாப் போவுது, நாளைக்குத் தண்ணியாவது ஒழுங்கா வுடு" என்றார்.

பத்தாவது பெயரிலேயே அருள் எழுந்து வெளியே போய்விட்டான். ஆறு ஐந்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேதான் மீதியைக் கூப்பிட்டேன்.

கூட்டம் கலைந்தது. ஆனால் எல்லோரும் போகவில்லை. செல்வி அக்கா ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்படியும் லீவு போச்சு. யாருக்கு என்ன பாத்திரம்னு அதையாவது சொல்லுங்க. பாத்துட்டே போறேன்."

அவரைப் பார்த்து இன்னும் பதினைந்து பேர் உட்கார்ந்தார்கள். சவிதா மிஸ் மேடைக்கு வந்தார். ஒரு ராஜாவின் கழுதை காணாமல் போகிற கதை. பிள்ளைகளைப் பேசவிட்டு, நடக்கவிட்டு, ஒவ்வொரு வேஷமாகக் கொடுத்தார். மஞ்சு மந்திரிக்கு ஆசைப்பட்டாள், கழுதை கிடைத்தது. உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம் நான்கு காலில் ஒரு சுற்று வந்து ராஜாவின் துண்டைத் தின்னத் தொடங்கினாள். அதைப் பார்த்து முதலில் சிரித்தது செல்வி அக்காதான். அது நல்ல சிரிப்பு.

அவர் மகள் ஆறாம் வகுப்பு. நாடகத்தில் இல்லாத பெண். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சவிதா மிஸ் அவளைப் பார்த்து, "ஒந்து பாகிலு இதெ. பர்த்தியா?" என்றார்.

"கதவு இருக்காம், வரியான்னு கேக்கறாங்கம்மா" என்றாள் அந்தப் பெண்.

"கதவா? கதவு என்ன பேசும்?"

"பேசாது. தொறக்கும்போது கிரீச்சுன்னு கத்தணுமாம்."

"நம்ம வூட்டுக் கதவு தெனம் அதானடி பண்ணுது. போ, போய்க் கத்து."

அந்தப் பெண் மேடை ஏறி, இரண்டு கையையும் ஒட்டி வைத்து, மெதுவாகத் திறந்துகொண்டே ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள். எண்ணெய் போடாத கதவு தோற்றுப்போகும். அந்த ஹாலில் இருந்த எல்லாத் தாய்மார்களும் கைதட்டினார்கள். நான் வாசல் பக்கம் திரும்பினேன். அருள் தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போனேன்.

"கோவம்தான்ணா உம்மேல" என்றான். "அதுக்குன்னு ஆறுலருந்து என்னை எடுத்துராத."

அந்த சந்தோஷத்திலும் நான் செல்வி அக்காவிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. இன்றைக்கு யாரிடமும் கேட்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். போகும்போது ஹெச்.எம். மேடம் கேட்டார்.

"கூட்டம் போச்சு, சரி. கையெழுத்து?"

"ஆறு, மேடம்."

"நான் ஜன்னல்லருந்து பாத்தேன். கட்டு பெரிசா இருந்துச்சே."

"திருப்பிக் குடுத்துட்டேன்."

பாராட்டுவார் என்று நினைத்தேன். "திங்கக்கிழமை பத்து மணி. ஏழு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அதுதான் சரி. நாம் நியாயமாக நடந்துகொண்டோம் என்பதற்காக மற்றவர்கள் கணக்கைக் குறைத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்களும் அப்படி எதிர்பார்க்காதீர்கள்.

திங்கட்கிழமை என்ன ஆயிற்று என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அந்த ஹாலில்தான் நீங்கள் வளர்ந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை நடந்தது மட்டும் உங்களுக்குத் தெரியாது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு எட்டாவது கிராஸ் முறை. திறந்துவிட்டு, சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் முக்கால் மணி நேரத்தில் மூடி ஒன்பதாவது கிராஸுக்கு விட வேண்டும். மூடும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது செல்வி அக்கா வந்தார். பின்னால் கையில் பல்குச்சியோடு மகள்.

"நேத்தெல்லாம் தூங்க வுடல இது. கிரீச்சு கிரீச்சுன்னு வூட்டையே கதவாக்கிடுச்சு. ஆமா, அந்த ஃபாரம் என்னமோ சொன்னியே, எத்தினி பேரு வேணும்?"

"ஏழு பேரு. ஆறு இருக்கு."

"இல்லன்னா?"

"ஹால் டியூஷனுக்குப் போயிடும். நாடகம் இருக்காது."

"நேத்து ஏன் எங்கிட்ட கேக்கல?"

"நேத்து நீங்க பாத்திரத்துக்கு வந்தீங்க."

அவர் கையை நீட்டினார். காகிதம் என் சட்டைப் பைக்குள் மடித்து இருந்தது. கன்னடத்தில் டைப் செய்தது. மகளிடம் கொடுத்து, "படி. நெறுத்தி நெறுத்திப் படி" என்றார். அந்தப் பெண் ஒவ்வொரு வரியாகக் கன்னடத்தில் படித்துத் தமிழில் சொன்னாள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி வந்தது.

"கடன் எதுனா இருக்கா இதுல?"

"இல்லம்மா."

"சைன் போட்டா எனக்கு என்ன கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காது. அதுலயே எழுதியிருக்கு, மெம்பருக்கு எந்த லாபமும் கெடையாதுன்னு."

"எதுனா போவுமா?"

"மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை போகும். மீட்டிங்."

"நோட்டீஸ் யாரு எழுதுவா?"

"நான்..."

"நீ எழுதி எங்கிட்ட படிச்சுக் காட்டினதுக்கு அப்புறம்தான் ஒட்டணும். அத இதுல எழுது."

"டைப் அடிச்சதும்மா இது."

"பேனா இருக்குல்ல?"

நான் சாவியைச் சுவரில் சாய்த்துவிட்டு, காகிதத்தை முட்டிமேல் வைத்து, ஓரத்தில் எழுதினேன்: எந்த அறிவிப்பும் உறுப்பினர் ஒருவருக்குப் படித்துக் காட்டிய பின்னரே ஒட்டப்படும். மகள் அதைக் கன்னடத்தில் எப்படி எழுதுவது என்று சொன்னாள். மணி எட்டாகிவிட்டது. கையில் குடத்தோடு ஒன்பதாவது கிராஸ் பெண்கள் மூலையில் வந்து நின்றுவிட்டார்கள்.

"யோவ் தண்ணிக்காரரே, மணி என்ன ஆச்சு? அங்க என்ன கதை அளந்துட்டு இருக்க? வால்வை மூடுய்யா!"

செல்வி அக்கா தலையைத் தூக்கவில்லை. பேனாவை வாங்கி, தன் பெயரை எழுத்துக் கூட்டித் தமிழில் எழுதிக்கொண்டே, எட்டாவது கிராஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்:

"அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா செத்தா போயிடுவீங்க? கொஞ்சம் நில்லுங்கடி, இங்க சங்கம் ஆரம்பிச்சிட்டு இருக்கோம்!"